ஈரலுக்கு உரு இல்லை

பத்மாசினியின் வலப்பக்க விலாவுக்குக் கீழே வந்ததும் ஸ்கான் டொக்டரின் கை நின்றது. அதுவரை தொண்டைமானாற்றில் இறால் படுகிறதா என்று அவள் கணவர் முத்துக்குமாருவிடம் விசாரித்துக்கொண்டிருந்தவர், திரைக்குக் கிட்டக் குனிந்தார். அதே இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார்.

"கடைசியா எப்ப ஸ்கான் எடுத்தனீங்கள், அம்மா?"

"போன வருசத்துக்கு முதல் வருசம். ஒண்டுமில்லையெண்டவை."

"அப்ப இல்லை. அதுக்குத்தானே ஆறு மாசத்துக்கு ஒருக்கா வரச் சொன்னது."

சொந்த உடம்பே ஈரலைப் பகையென்று நினைத்துத் தாக்குகிற நோய் அவளுக்கு. ஈரல் தழும்பேறிச் சுருங்கிவிட்டது, அதில் புற்று முளைக்கலாம், சிறிதாக இருக்கையிலேயே கண்டால் சுட்டு அழிக்கலாம், முற்றினால் தோல் மஞ்சளாகும் என்று கிளினிக்கில் விளங்கப்படுத்தியிருந்தார்கள். "குடிச்சது இவர், ஈரல் சுருங்கினது எனக்கு," என்று அவள் சொல்ல, தாதிமாரும் சிரித்தார்கள். முத்துக்குமாரு அன்றோடு கள்ளை விட்டார்.

முந்திய ஸ்கானில் ஒன்றுமில்லையென்றால் செல்வச்சந்நிதி முருகனுக்கு வெள்ளியில் ஈரல் உரு போடுவதாக நேர்ந்திருந்தாள். ஒன்றுமில்லையென்று வந்ததும் உரு வாங்கப் போனாள். கோயிலடிக் கடையில் கண் இருந்தது, கை, கால் இருந்தன.

"ஈரல் இல்லை அக்கா, ஆரும் கேக்கிறேல்லை. முழு ஆளாக் கொண்டுபோங்கோ, எல்லாம் அதுக்கை அடங்கும்."

அதைப் போட்டாள். அடுத்த ஸ்கான் திகதி வந்தபோது போக அசையவில்லை.

"முருகன் தந்ததைத் திருப்பிச் சோதிச்சுப் பாக்கிறதே? கிளினிக் குளிசை போடுறன்தானே, அது காணும்."

பட்ட மீனைக் கடலில் வைத்து எண்ணினால் மறுநாள் வலை வெறுமையாக வரும் என்று நம்புகிற முத்துக்குமாருவுக்கு அது நியாயமாகவே பட்டது.

இந்தமுறை பெரிய ஸ்கானும் எடுத்த பிறகு கிளினிக் டொக்டர் கதிரையை இழுத்து அவர்களுக்குக் கிட்டப் போட்டுக்கொண்டார்.

"சுடுற அளவைத் தாண்டிட்டுது. இரத்தக் குழாய்க்குள்ளையும் போயிட்டுது."

"வெட்டேலாதோ, ஐயா?" என்றார் முத்துக்குமாரு.

"இந்த ஈரல் வெட்டுத் தாங்காது. நோகாமப் பாப்பம்."

பஸ் நிலையத்தில் பராசக்தியைக் கண்டார்கள். பத்மாசினியோடு ஒன்றாகப் படித்தவள்.

"என்னடியப்பா பத்மா, முகம் மினுங்குது. மஞ்சள் பூசிக் குளிச்சனியோ?"

"ஓம். வெள்ளிக்கிழமையெல்லோ."

"குமரியெண்டு நினைப்பு," என்று சிரித்துவிட்டு அவள் தன் பஸ்ஸுக்குப் போனாள்.

பஸ் புறப்பட்டதும் பத்மாசினி முத்துக்குமாருவின் சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்தாள். போத்தல் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். யன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு மூலையை நனைத்து மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.