கீழ்த்தட்டில் கிடந்த பின்னணி

அந்தப் பயிற்சி நிலையத்தில், பாடம் எடுக்க வருகிறவர்கள் தங்கள் பின்னணியை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செருப்பு எப்படியோ அப்படி. பெண்கள் சிறையின் வளாகத்துக்குள்ளேயே, சிறைக் காவலர்களுக்கு மனநல ஆலோசனை சொல்லிக்கொடுக்கும் இடம் அது. சனிக்கிழமைதோறும் வகுப்பு. படிக்க வருகிறவர்கள் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. யாரும் இதை அதிசயமாக நினைத்ததில்லை.

பின்னணி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தோளிலிருந்து கழற்றி மடித்தால் ஒரு சால்வை அளவுக்கு வரும். ஓய்வுபெற்ற ஜெயிலர் இருதயராஜுடையது விறைப்பாக நிற்கும், மடியவே மடியாது. சௌந்தரியுடையதில் பினாயில் வாடை அடிக்கும். குடிநோய் வார்டில் நர்ஸாக இருந்து, ஆலோசகராகி, பிறகு பயிற்றுநர் ஆனவள் அவள். பாதி ஆயுள் அதற்குள் இருந்தது.

வாசல் அலமாரியின் கீழ்த்தட்டில் மட்டும், யாருடையது என்று தெரியாத ஒன்று எப்போதும் கிடக்கும்.

"அதத் தொட்டுடாதீங்க மேடம்," என்று இருதயராஜ் ஒருமுறை சொன்னார்.

"ஏன் சார்?"

"யாரு போட்டாலும் அளவு சரியா இருக்கும்."

காலமெல்லாம் கொலைகாரர்களோடு குப்பை கொட்டிய மனுஷன், அந்தத் தட்டைத் தாண்டும்போது சுவரோடு ஒட்டிக்கொண்டு போவார்.

அன்றைக்குச் சௌந்தரி எடுத்த பாடம் மறுப்பு. "அது நான் இல்லைன்னு கைதி சொல்லுவாங்க. அழுவாங்க. நம்பிடாதீங்க. அதுக்காகச் சண்டையும் போடாதீங்க. அன்பா தலையாட்டுங்க, போதும்," என்று சொல்லிக்கொடுத்தாள். எல்லாரும் அன்பாகத் தலையாட்டிப் பழகினார்கள். நன்றாகவே வந்தது. முடிந்ததும் அவளைச் சூழ்ந்துகொண்டு செல்ஃபி எடுத்தார்கள். அதில் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

வெளியே வந்து பார்த்தால் அவளுடையதைக் காணோம்.

கல்யாண மண்டபத்தில் செருப்பு மாறிப்போவதில்லையா, அந்த மாதிரிதான் முதலில் நினைத்தாள். மேல்தட்டு, நடுத்தட்டு, அலமாரிக்குப் பின்னால், எல்லாம் துழாவியாயிற்று. கீழ்த்தட்டில் அந்த ஒன்று மட்டும் கிடந்தது. அதை அவள் தொடவில்லை.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே மகள் பூவிழி ஸ்கூட்டியில் காத்திருந்தாள். சனிக்கிழமை என்றால் அவள்தான் வந்து அழைத்துப் போவாள். போகிற வழியில் முக்குக் கடையில் நின்று ஆளுக்கொரு பருத்திப்பால் குடிப்பார்கள். இப்போது யாரோ ஒரு பெண் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். உயரம், நிறம், நடை, எதுவுமே சௌந்தரி இல்லை. ஆனால் தோளில் கிடந்தது சௌந்தரியுடையது.

"ஏம்மா இவ்ளோ நேரம்? ஏறு," என்றாள் பூவிழி.

அந்தப் பெண் ஏறிக்கொண்டாள். பூவிழியின் இடுப்பை ஆசையாகப் பிடித்துக்கொண்டாள். முகத்தை யார் பார்க்கிறார்கள்? ஸ்கூட்டி கிளம்பிவிட்டது.

"அடிப்பாவி!" என்று கத்திக்கொண்டு சௌந்தரி ஓடினாள். தாழ்வாரம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. ஓட ஓட இன்னும் கொஞ்சம் நீண்டது. ஒருவழியாகக் கேட்டுக்கு வந்தபோது, காவலுக்கு நின்ற வேலாயுதம் லத்தியைக் குறுக்கே வைத்தார்.

"வேலாயுதம், கேட்டத் திறங்க. என் பொண்ணு போறா."

"உங்க பின்னணி எங்க?"

"யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"நீங்க யாரு?"

"சௌந்தரிங்க! எத்தனை தடவ பாத்திருக்கீங்க!"

"அவங்க இப்பதான போறாங்க. சல்யூட் அடிச்சனே." வேலாயுதம் கோபப்படவில்லை. "பின்னணி இல்லாத ஆள வெளிய விடக்கூடாதுங்க. ஏதாச்சும் ஒண்ணப் போட்டுட்டு வாங்க."

ஏதாச்சும் ஒன்று. இருந்ததே ஒன்றுதான். அதைப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டினால் போதும், ஆட்டோ பிடித்துப் போய் அந்தக் கள்ளியின் தோளிலிருந்து தன்னுடையதைப் பிடுங்கிவிடலாம் என்று நினைத்தாள். பாவம், அவளுக்கு வேறு என்ன வழி?

எடுத்துப் போட்டாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

உடனே ஒரு சமையலறை வந்தது. மண்ணெண்ணெய் வாடை. வெளியே தாழ் போட்ட கதவு. உள்ளிருந்து யாரோ தட்டுகிறார்கள். தாழ் போட்டது தன் கைதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அப்போது எங்கோ விசில் ஊதினார்கள். கைதிகளைத் தலை எண்ணும் விசில். அவள் சட்டென்று குத்தவைத்து உட்கார்ந்தாள். சௌந்தரிக்கு மூட்டுவலி, அப்படி உட்கார முடியாது. இப்போது வலிக்கவே இல்லை.

"இங்க என்ன பண்ற? எந்திரி, உள்ள போ," என்றார் வேலாயுதம்.

தாழ்வாரம் இப்போது குட்டையாக இருந்தது. திரும்பியதும் பெண்கள் சிறை வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அவளை வகுப்புக்குக் கூட்டிப்போனார்கள். பேசிப் பழக நிஜமான கைதி ஒருத்தி வேண்டுமாம். நடுவில் நாற்காலி. சுற்றிலும் அவளிடம் படித்த அதே முகங்கள். அன்றைய பயிற்றுநர் மரியபுஷ்பம், குடும்பநல நீதிமன்றத்தில் ஆலோசகர். நல்ல மனுஷி. சௌந்தரியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மனசுல இருக்கிறதச் சொல்லுங்கம்மா."

"அது நான் இல்லீங்க. நான் இங்க பாடம் எடுத்தவ. போன வாரம் இவங்களுக்குத்தான் எடுத்தேன். என் வீட்டுல வேற யாரோ இருக்கா. என் பொண்ணு அவகூடத் தனியா இருக்கா."

சொல்லிவிட்டு அழுதாள். எல்லாரும் அன்பாகத் தலையாட்டினார்கள்.

"மறுப்பு மேடம்," என்றான் முன்வரிசைக் காவலன் ஒருவன்.

"கரெக்ட்," என்றாள் மரியபுஷ்பம், பிடித்த கையை விடாமலே.

அதற்குமேல் பேசிப் பிரயோஜனமில்லை. இன்னும் அழுதால் அதற்கும் ஒரு பாடம் உண்டு. அந்தப் பாடத்தையும் சௌந்தரிதான் எடுப்பாள்.

வகுப்பு முடிந்தது. மரியபுஷ்பத்தைச் சூழ்ந்துகொண்டு செல்ஃபி எடுத்தார்கள். சௌந்தரியை யாரும் கவனிக்கவில்லை. மெல்ல வெளியே வந்தாள். மேல்தட்டில் மரியபுஷ்பத்தினுடையது இருந்தது. மல்லிகை வாசனை அடித்தது. வீடு வரைக்கும்தானே, போய்த் தன்னுடையதை வாங்கியதும் இதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். அந்தக் கள்ளியும் இப்படித்தான் நினைத்திருப்பாளோ? தன் தோளில் இருந்ததைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, கீழ்த்தட்டில் வைத்தாள்.

வேலாயுதம் சல்யூட் அடித்தார்.

வெளியே ஒரு பையன் பைக்கில் காத்திருந்தான். "நேரமாச்சும்மா, ஏறு," என்றான். ஏறினாள். பின்னால் தாழ்வாரத்தில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. "தம்பி! தம்பி!" என்று ஒரு குரல். சௌந்தரி திரும்பிப் பார்க்கவில்லை. "போப்பா, போ," என்றாள்.

வகுப்பு இல்லாவிட்டாலும் சனிக்கிழமைப் பழக்கம் விடவில்லை போலும், முக்குக் கடையில் ஸ்கூட்டி நின்றிருந்தது. பூவிழியும் அந்தப் பெண்ணும் பருத்திப்பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். பூவிழி தன் டம்ளரை ஊதி ஆற்றி அவளுக்குக் கொடுத்தாள்.

"நிறுத்து!" என்று பைக்கிலிருந்து இறங்கி ஓடினாள் சௌந்தரி. "பூவிழி, நான்தாண்டி அம்மா! இவ யாரோடி! என்னைய நல்லாப் பாரு!"

பூவிழி பயந்துபோய் அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அந்தப் பெண் பதறவில்லை. மகளின் காதில் என்னவோ சொன்னாள். சொல்லிவிட்டு, சௌந்தரியைப் பார்த்து அன்பாகத் தலையாட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பூவிழியும் தலையாட்டினாள்.

பையன் ஹாரன் அடித்தான். "அம்மா, வாம்மா, போலாம்," என்றான். அந்தத் தெருவில் அவளை அம்மா என்று கூப்பிட அவன் ஒருவன்தான் இருந்தான். சௌந்தரி போய் ஏறிக்கொண்டாள். அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.