ஒட்டிக்கொண்ட இரண்டாம் பக்கம்

மேஸ்திரி அடிக்க வந்தால் மாப்பிள்ளை இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொள்வார். என் தங்கையின் கணவர் அவர். இறைச்சித் தொழிற்சாலையில் ஒரே மேசையில் நின்று எலும்பு பிரிக்கிறோம். கத்தி அரை நிமிஷம் பிந்தினால் போதும், தரை கழுவுகிற ரப்பர் குழாய் முதுகில் இறங்கும். ஒருமுறை மேஸ்திரி உதைத்ததில் மாப்பிள்ளைக்கு விலா எலும்பு இரண்டு முறிந்தன. "வழுக்கி விழுந்துட்டேன்" என்று டாக்டரிடம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மனைவியையும் மகளையும் இந்த நாட்டுக்கு அழைத்துக்கொள்ள அவர் மனுப் போட்டிருந்தார். போலீஸ் கேஸ் ஒன்று விழுந்தால் மனு குப்பைக்குப் போகும். அது மேஸ்திரிக்கும் தெரியும். திருப்பி அடிக்க முடியாதவனை அடிப்பதில் அந்த நாய்க்கு அப்படி ஒரு ருசி. என்னைத் தொடமாட்டான். எனக்கு மனுவும் கிடையாது, பெண்டாட்டியும் கிடையாது. கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருந்தது. "நீயும் கையை ஓங்காத அண்ணே, சண்டைன்னா அவர் பேரும் சேர்ந்துதான் வரும்" என்று தங்கை சத்தியம் வாங்கியிருந்தாள்.

மனுப் போட்டபோது மகளுக்கு இரண்டு வயது. இப்போது பத்து. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மாப்பிள்ளை அத்தனை அடியும் வாங்கிவிட்டார். அம்மிதான் நகரவில்லை.

கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. பிரிக்கப் பயந்து வேலைக்கே கொண்டுவந்து, இடைவேளையில் என்னிடம் நீட்டினார். நாலு எழுத்து படித்தவன் என்ற திமிர் எனக்கு உண்டு. கையுறையைக்கூடக் கழற்றாமல், ரத்தமும் கொழுப்புமாக இருந்த விரலால் பிரித்தேன். மனு ஏற்கப்பட்டது என்று முதல் வரியிலேயே இருந்தது.

"முடிஞ்சுது மாப்ள! ரெண்டு பேரும் வர்றாங்க!"

அவர் அங்கேயே நின்று அழுதார். தங்கைக்குப் போன் போட்டோம். "பெரிய பெட்டியா வாங்கட்டுமா? அங்க ரொம்பக் குளிருமா?" என்று அவளும் அழுதாள்.

மணி அடித்து மேசைக்குத் திரும்பினோம். மாப்பிள்ளைக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது, கத்தி பிந்தியது. குழாய் பின்கழுத்தில் விழுந்தது.

அவர் கத்தியை மேசையில் பத்திரமாக வைத்தார். அதை நான் பார்த்தேன். பிறகு திரும்பி மேஸ்திரியின் வாயில் குத்தினார். இரண்டு பல் ஈரத்தரையில் ஓடின. சட்டையைப் பிடித்துத் தூணோடு சாத்தி, முகத்திலேயே குத்தினார். மூக்கு உடைந்தது. அடுத்த குத்தில் தாடை முறிந்தது. எலும்பு முறியும் சத்தம் எங்கள் தொழிலில் புதிதல்ல, ஆனாலும் எல்லோரும் திரும்பினார்கள். விலக்கியிருக்க வேண்டியவன் நான்.

"போடுங்க மாப்ள! எட்டு வருஷத்துக்கும் சேர்த்துப் போடுங்க!" என்று கத்தினேன். சந்தோஷமாக இருந்தது.

போலீஸ் அவரை விலங்கு மாட்டிக் கொண்டுபோனது. வக்கீலிடம் காட்டலாம் என்று கடிதத்தை எடுத்தேன். தாள் தடிமனாக இருந்தது. உலர்ந்த ரத்தத்தில் இன்னொரு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் உரித்தேன்.

அதில் இருந்தது இதுதான்: இது முதல் கட்டம் மட்டுமே. மனைவியும் மகளும் இனி விசா வரிசையில் காத்திருக்க வேண்டும். தற்போது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். முறை வரும்போது மனுதாரர் புதிய போலீஸ் சான்றிதழ் தர வேண்டும். அரைக்கிணறுதான் தாண்டியிருந்தோம். அவசரக்குடுக்கை நான், அவரை நடுவில் பிடித்துத் தள்ளிவிட்டேன்.

இரண்டு நாளில் ஜாமீனில் வந்தார். வலது கையில் மாவுக்கட்டு. அறையில் உட்காரவைத்துப் படித்துக்காட்டினேன். "இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன்.

"என்னை அடிங்க மாப்ள. உங்களையும் கெடுத்து, அவளையும் கெடுத்துட்டேன். அடிச்சே கொல்லுங்க!"

இடது கை உயர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அந்த அடி எனக்கு வேண்டியிருந்தது, வரவில்லை. கண்ணைத் திறந்தால், மாவுக்கட்டோடு இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டிருந்தார்.

"வேணாம் மச்சான். இன்னொரு கேஸ் ஆச்சுன்னா இந்த வரிசையும் போயிடும்."

போன் அடித்தது. தங்கைதான். பெட்டி வாங்கியிருப்பாள். அவர் கையை வெளியே எடுக்கவில்லை. நான்தான் போனை எடுக்க வேண்டியிருந்தது.