பதினோராம் பக்கத்து மைனஸ்

பல்கலைக்கழகத்தில் நாலு வருடமும் பௌதிகவியலில் முதலாவதாக வந்தவள் றுமைஸா. அவளுடைய குறிப்புகளைக் கொப்பி பண்ணிப் படித்தவள் கலாஜினி. ஜேர்மனியில் ஆராய்ச்சி செய்ய இரண்டு பேருக்குமே இடம் கிடைத்தது. வாப்பா பாரிசவாதத்தில் விழுந்து படுக்கையானதால் றுமைஸா காத்தான்குடியிலேயே நின்றுவிட்டாள். உயர்தர வகுப்புக்குப் பாடம் எடுத்தாள். கலாஜினி பறந்துபோய் ஐந்து வருடமாகிறது.

மாசியில் கலாஜினி தன் கட்டுரையை அனுப்பி, "வெளியில விட முதல் ஒருக்கா பாருகா" என்று எழுதியிருந்தாள்.

பிரபஞ்சத்தை வேகமாக விரியவைக்கும் இருட்சக்தி என்றும் மாறாதது என்று வைத்துக் கணக்குப் போட்டால், நியூத்திரினோ என்ற நுண்ணிய துகளின் திணிவு பூச்சியத்துக்குக் கீழே போகப் பார்க்கிறது. அப்படியொரு திணிவு இருக்கவே ஏலாது. இருட்சக்தி காலத்தோடு தளர்கிறது என்று எடுத்தால் அந்தச் சிக்கல் இளகுகிறது. அப்படியென்றால் இரண்டுக்கும் இடையில் ஏதும் தொடர்பு உண்டா? இதுதான் கட்டுரை. அந்தத் தொடர்பைப் பற்றி முதன்முதல் பல்கலைக்கழகக் கன்டீனில் வைத்துக் கேட்டவள் றுமைஸா. நன்றி சொன்ன பட்டியலில் அவள் பெயர் இல்லை.

பதினோராம் பக்கத்தில் ஒரு மைனஸ் குறி விடுபட்டிருந்தது. அதனால்தான் தொடர்பு அவ்வளவு பலமாகத் தெரிந்தது. றுமைஸா இரண்டு தரம் போட்டுப் பார்த்தாள். சந்தேகமில்லை. நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது.

"எல்லாம் சரி" என்று பதில் போட்டாள்.

சித்திரை விடுமுறைக்கு வந்த கலாஜினி நேரே வீட்டுக்கு வந்தாள். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"ஒரு மைனஸ் விட்டுட்டன். பேராசிரியர் புடிச்சிட்டார், முப்பது பேருக்கு முன்னால. நீ காணல்லியா?"

இல்லை என்று சொல்லத்தான் றுமைஸா வாயெடுத்தாள்.

"கண்டன்."

"கண்டும் ஏன்கா சொல்லல்ல?"

"நான் இரிக்க வேண்டிய இடத்துல நீ இரிக்கிறாய். பத்தி எரிஞ்சிச்சி. விழட்டும் எண்டு விட்டன்."

கலாஜினியின் கண் சிவந்தது.

"உன்ட பேர நான் ஏன் போடல்ல எண்டு தெரியுமா? போட்டா எல்லாம் உன்ட யோசினை எண்டு ஆகிடும் எண்ட பயம். அங்க போயும் உனக்குப் பின்னாலதான் நிக்கிறன் போல இரிந்திச்சி."

மன்னிப்பு இரண்டு பேரும் கேட்கவில்லை. கலாஜினி மடிக்கணினியைத் திறந்து றுமைஸாவின் பக்கம் தள்ளினாள்.

"திருத்தினா தொடர்பு பாதிக்கு மேல குறஞ்சி போகுது. ஆனா முழுசா இல்லாமப் போகல்ல. இப்ப பாரு. பொய் சொல்லாத."

பின்னேரம் அஸர் தொழுகைக்கு வாங்கு சொல்லும்வரை பார்த்தார்கள். றுமைஸா மூன்று பிழை கண்டாள், மூன்றையும் சொன்னாள். பக்கத்திலிருந்து கலாஜினி எழுதிக்கொண்டாள். பத்தொன்பதாம் பக்கத்துக் கணக்கில் ஒரு படி, தனக்கு ஒருநாளும் தோன்றியிராத படி, அத்தனை அழகாக இருந்தது. அதை மட்டும் சொல்ல றுமைஸாவுக்கு மனம் வரவில்லை.