ஜெனிற்றாவின் சவர்க்காரத்தூள்

என் மனைவி ஜெனிற்றா இறந்து எட்டு மாதங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பக்கத்து வீட்டுக் கனிசியஸ் அண்ணை எனக்கு முன்வரிசையில் முழங்காலில் இருந்தார். ஜெனிற்றா தோய்த்த உடுப்பின் மணம் அவருடைய சட்டையிலிருந்து வந்தது. அதன் பிறகு எனக்குச் செபம் ஓடவில்லை. அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் மீன்வாடியில் வேலை செய்கிறேன். கடைத்தூளுக்கு என் உடுப்பின் மீன் வெடுக்குப் போகாது என்று ஜெனிற்றா வீட்டிலேயே தூள் செய்வாள். கட்டிச் சவர்க்காரத்தைத் துருவி, சலவைச் சோடாவும் தேசிக்காயின், அதாவது எலுமிச்சையின், காய்ந்த தோலின் பொடியும் கலப்பாள். அவள் போன பிறகு நான் மூன்று தடவை செய்து பார்த்தேன். அந்த மணம் வரவே இல்லை.

பின்னேரம் அண்ணையின் மனைவி யசிந்தாக்காவிடம் போய், நான் செய்யும் தூளில் மட்டும் ஏன் அந்த மணம் வரவில்லை என்று கேட்டேன்.

"ஜெனிற்றாதான் எனக்குக் காட்டித்தந்தவள். நீ தோலை எங்கை காயவிட்டனி?"

"வெயிலிலை."

"அட விசரா, நிழலிலை எல்லோ காயவிடவேணும்! உனக்கு அவள் சொல்லேல்லையே?"

"சொன்னவள் அக்கா. நான் மறந்துபோனன்."

அவள் சொல்லவில்லை. நான் ஒருநாளும் கேட்டதுமில்லை.

இரண்டு கிழமை கழித்து, நிழலில் காய்ந்த தோல் போட்ட தூளில் தோய்த்த சட்டையோடு பூசைக்குப் போனேன். கோயில் வாசலில் கனிசியஸ் அண்ணை என் தோளருகே வந்து மணந்து பார்த்தார்.

"என்னடாப்பா, உன்னிலை எங்கடை வீட்டு மணம் அடிக்குது!"

"இது எங்கடை வீட்டு மணம், அண்ணை" என்றேன். அண்ணையின் பகிடிக்குச் சிரித்துக்கொண்டு வாசலில் நின்றவர்கள் சிரிப்பை விட்டு உள்ளே போனார்கள்.