குரல்வளை வழியே

பழனியாத்தாளின் கழுத்துக் குழாயிலிருந்து உட்குழலைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் மதிவதனி அந்த விஷயத்தை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னாள். "அயர்லாந்துல ஒரு ஆஸ்பத்திரியில இருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்கக்கா. ஊட்டுல இன்னும் சொல்லுல." சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. பழனியாத்தாள் கண்ணை மட்டும் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் இல்லாத ஒருத்தியிடம் சொல்வது சொன்ன கணக்கில் சேராது என்று மதிவதனிக்கு அப்போது தோன்றியது. குழலைத் துடைத்து மறுபடி பொருத்தி, கழுத்தைச் சுற்றிய நாடாவைத் தளர்த்தி ஒரு விரல் நுழைகிறதா என்று பார்த்தாள். மனசு கொஞ்சம் லேசாகியிருந்தது.

பழனியாத்தாள் பொள்ளாச்சிக்காரி. வயது ஐம்பதைத் தொடவில்லை. ஊருக்கு வெளியே கொப்பரை உலர்த்தும் களம் வைத்து, வியாபாரிகளிடம் தானே நேரில் நின்று விலை பேசுகிறவள். அவள் களத்தின் இந்த முனையிலிருந்து கூப்பிட்டால் அந்த முனையில் தேங்காய் உடைக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று அவள் புருஷன் நாச்சிமுத்து சொல்லியிருக்கிறார். மழைக்காலத்தில் வந்த சளிக்காய்ச்சல் இரண்டு நுரையீரலையும் பிடித்துக்கொண்டது. கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்த அன்றே வென்டிலேட்டரில் போட்டார்கள். வாய்க்குழாயை எடுக்க முடியாமல் நாள் நீண்டுகொண்டே போனதால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். இப்போது இயந்திரம் விலகிவிட்டது. கழுத்தருகே வைத்த ஆக்சிஜன் குழாயின் துணையோடு, கழுத்துக் குழாய் வழியாக அவளே மூச்சு விடுகிறாள். ஆனால் குழாயைச் சுற்றியுள்ள சின்ன பலூன் மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டு நிற்பதால் காற்று தொண்டைக்கு ஏறுவதே இல்லை. உதடுகள் அசையும், ஒரு சத்தமும் வராது. எழுத்துகள் அச்சடித்த அட்டையை ஒருநாள் கொடுத்துப் பார்த்தார்கள். அவள் இரண்டு எழுத்தைத் தொடுவதற்குள் நாச்சிமுத்து, "தண்ணியா? காத்தாடியா? முதுவு வலிக்குதா?" என்று அடுக்கிக்கொண்டே போனார். அவள் அட்டையைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அட்டையைத் தொடவில்லை.

நினைவோடு இருக்கும் நோயாளியிடம் எதைச் செய்யும்போதும் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். மதிவதனிக்கு அது பழக்கம். "இப்ப சளி எடுக்கப் போறனுங்கக்கா, இருமல் வரும், பயந்துக்காதீங்க" என்பதில் தொடங்கும் பேச்சு, நாளாக ஆக அவள் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. மகள் கணக்கில் மட்டும் சொதப்புவது, அவிநாசியில் இருக்கும் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் தள்ளிப்போவது, பிறகு அயர்லாந்து. அவள் புருஷன் அன்புமணி பம்பு கம்பெனியில் இரும்பு கடையும் லேத் ஓட்டுகிறவன். நல்லவன். "அவுங்க வேண்டாம்னு சொன்னாக்கூடப் பரவால்லீங்கக்கா, சண்டை போட்டுக்கலாம். போயிட்டு வான்னு சொல்லிப்போட்டாங்கன்னா என்ன பண்றதுன்னு தெரியல" என்று ஒரு காலையில் சொன்னாள். காடுகாடாகக் கூலிக்குப் போன அம்மா அப்பாவுக்குப் பிறந்து, அந்த வீட்டில் முதலில் வெள்ளைச் சீருடை போட்டவள் அவள். போக வேண்டும் என்ற ஆசை எவ்வளவு உண்மையோ, மகளை விட்டுவிட்டுப் போக மனசு வராததும் அவ்வளவு உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுக்கொள்ள வேறு யாரும் இல்லை. பழனியாத்தாள் கேட்டாள். சில சமயம் புருவத்தை மட்டும் உயர்த்துவாள்.

பெரியவர்களுக்கான சுவாசச் சிகிச்சையில் நர்சுகளுக்கு மேல்நிலைப் பயிற்சி என்று ஆஸ்பத்திரி அவளைச் சனிக்கிழமைதோறும் அனுப்பியது. அயர்லாந்துக்கு அந்தச் சான்றிதழ் உதவும் என்பதும் அவளுக்குத் தெரியும். பாடம் எடுத்தவர் யஷ்வந்த், சுவாச சிகிச்சை நிபுணர், அவளைவிட வயதில் சின்னவர். முகமூடி வைத்து மூச்சுக்கு அழுத்தம் கொடுக்கும் இயந்திரத்தை ஒவ்வொருவரையும் தங்கள் முகத்திலேயே மாட்டிப் பார்க்கச் சொன்னவர். அந்தச் சனிக்கிழமை அவர் உள்ளங்கையில் ஒரு ஊதா நிற மூடியை வைத்துக் காட்டினார். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. பேசுவதற்கான வால்வு. கழுத்துக் குழாயின் வாயில் பொருத்தினால் காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. வெளியே போகிற மூச்சு வேறு வழியில்லாமல் மேலே ஏறிக் குரல்வளையைத் தொட்டுக்கொண்டு வாய் வழியாகப் போகும். "ஒண்ணே ஒண்ணு மறந்தீங்கன்னா ஆளு காலி. மொதல்ல பலூன்ல இருக்கற காத்த முழுசா எடுத்துடணும். இல்லீன்னா இழுத்த மூச்சு வெளிய போக எடமே இருக்காது" என்றார். பிறகு வால்வை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார். "உங்க வார்டுல கழுத்துக் குழாயோட இருக்கறவங்க மனசுல என்ன இருக்குதுன்னு உங்கள்ல யாருக்காச்சும் தெரியுமா?"

பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் மதிவதனிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பழனியாத்தாளுக்கு இது சரியாகப் பொருந்தும். இயந்திரம் இல்லை, நினைவு தெளிவு, சளியும் குறைந்துவிட்டது. லட்சுமி மில் நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. யாரோ ஒரு பெண் அவள் மடியில் பையை வைக்கலாமா என்று கேட்டாள். பையை வாங்கி வைத்துக்கொண்டபோதுதான் மற்றது உறைத்தது. அவளுக்குக் குரல் வந்தால், நான் சொன்னதெல்லாம்? தினமும் பதினொரு மணிக்கு நோயாளியைப் பார்க்க உறவுக்காரர்கள் வருகிறார்கள். வார்டு முழுக்க சக நர்சுகள். மேட்ரன் அவளைப் பயிற்சிக்கு அனுப்பியதே, திரும்பி வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள் என்று நம்பித்தான். காலையில் வண்டியில் கொண்டுவந்து விட்டு மாலையில் கூட்டிப்போகும் அன்புமணி பழனியாத்தாளின் புருஷனோடு டீக்கடையில் பேசிப் பழகியிருக்கிறான். திங்கட்கிழமை டாக்டர் சசிதர் ரவுண்ட்ஸ் வந்தபோது வால்வைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தெம்பு வரட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று சொல்லும்போதே தெரிந்தது.

மறுநாள் நாச்சிமுத்து வெள்ளை வேட்டியும் புதுச் சட்டையுமாக வந்தார். முகத்தில் ஏதோ பெரிய பாரத்தை இறக்கிவைத்த தெளிவு.

"களத்த என்ற மச்சான்கிட்டயே விட்டுப்போடலாம்னு முடிவு பண்ணிட்டனுங்க சிஸ்டர். இனி இவளால வெயில்ல நிக்க முடியுங்களா? நாளைக்கு வக்கீலு வாராரு."

"அக்காகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டனுங்க. தலையாட்டிட்டா."

மதிவதனி அதைப் பார்த்திருந்தாள். அவர் குனிந்து கேட்டபோது பழனியாத்தாளுக்கு இருமல் வந்தது. தலை அதில் ஆடியது. அவர் அவள் கையைத் தடவிக்கொடுத்து, "செரி, செரி, நீ வெசனப்படாத" என்றார். பொல்லாத மனுஷர் இல்லை. மனைவி பிழைத்ததே போதும் என்று நினைக்கிறவர். பழனியாத்தாள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலையணையில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. தான் திங்கட்கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தது மதிவதனியின் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

அவள் நேராக டாக்டர் சசிதரின் அறைக்குப் போனாள். பேசும் வால்வு வைத்துப் பார்க்கலாம், இன்றைக்கே பார்க்கலாம் என்றாள். அவர் மார்பு எக்ஸ்ரேயை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, "என்ன அவசரம்?" என்றார்.

"அவங்க சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்குதுங்க சார். நாளைக்குச் சொன்னா லேட்டாயிரும்."

அவர் சம்மதித்தார். யஷ்வந்தையும் போனில் பிடித்து ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார்கள். மத்தியானம் அவளை நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார், நாச்சிமுத்து சுவரோரம். என்ன செய்யப் போகிறோம் என்று மதிவதனி சொல்லச் சொல்ல பழனியாத்தாளின் கண்கள் விரிந்தன. சளியை உறிஞ்சி எடுத்து, சிரிஞ்சால் பலூனின் காற்றை இழுத்து, இன்னொரு முறை இழுத்து ஒன்றும் மிச்சமில்லை என்று உறுதி செய்துகொண்டு, வால்வைப் பொருத்தினாள். ஒரு மூச்சு உள்ளே போனது. வெளியே வரவில்லை. பழனியாத்தாளின் கழுத்து நரம்புகள் புடைத்தன, கை மதிவதனியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. மதிவதனி யாரையும் கேட்கவில்லை. வால்வை உடனே பிடுங்கினாள். புஸ்ஸென்று காற்று வெளியேறியது, பின்னாலேயே பெரிய இருமல். பலூனுக்கு மேலே இத்தனை நாள் தேங்கி வழியை அடைத்துக்கொண்டிருந்த சளி கட்டியாக வந்து விழுந்தது.

"போதுங்க சிஸ்டர், உட்ருங்க. அவளுக்குப் பேச்சே வேண்டாம்" என்றார் நாச்சிமுத்து.

டாக்டர் மதிவதனியைப் பார்த்தார். மதிவதனி பழனியாத்தாளைப் பார்த்தாள். பழனியாத்தாள் இன்னும் அவள் மணிக்கட்டை விடவில்லை. இன்னொரு கையால் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். வை.

கொஞ்சம் ஓய்வு கொடுத்து, மறுபடி உறிஞ்சி, முதலில் கையுறை போட்ட விரலால் குழாயின் வாயை லேசாக மூடிப் பார்த்தாள். பழனியாத்தாளின் உதடுகள் வழியே காற்று வருவது தெரிந்தது. வால்வை வைத்தாள். மூச்சு உள்ளே போனது, வாய் வழியே வந்தது. மானிட்டர் திரையில் ஆக்சிஜன் எண் அசையவில்லை. "ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுங்கக்கா" என்றாள்.

பழனியாத்தாள் எண்ணவில்லை. புருஷன் பக்கம் திரும்பினாள். வந்த குரல் களத்தின் மறுமுனைக்குக் கேட்கிற குரலாக இல்லை. துருப்பிடித்த கீல் திறப்பது மாதிரி இருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது.

"களத்த... ஆருக்கும் குடுக்கக் கூடாது."

நாச்சிமுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "செரி அம்மணி, செரி. நீ சொன்னாப் போதும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு வக்கீலுக்குப் போன் பண்ண வெளியே போனார். டாக்டரும் சிரித்துக்கொண்டே அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார்.

முதல் நாள் அதிக நேரம் வைக்கக் கூடாது. மதிவதனி வால்வைக் கழற்றக் கையைக் கொண்டுபோனாள். பழனியாத்தாள் அந்தக் கையைத் தடுத்து நிறுத்தினாள்.

"ஊட்டுக்காரருகிட்ட... சொல்லிப்போட்டியா?"

மதிவதனிக்குக் காது மடல் சூடானது. சுற்றிலும் பார்த்தாள். அடுத்த படுக்கைக்கு நடுவில் திரை இழுத்திருந்தது.

"இல்லீங்கக்கா."

"நா ஒருத்தருகிட்டயும்... சொல்ல மாட்டேன்." பழனியாத்தாள் மூச்சு வாங்கினாள். அவள் கண்ணில் ஒரு குறும்பு வந்து போனது. "ஆனா, உன்ற கழுத்துலயும்... கொழாயா சொருவியிருக்குது?"

அவ்வளவுதான். களைத்துப்போய்த் தலையணையில் சாய்ந்துகொண்டாள். மதிவதனி வால்வைக் கழற்றி, ஆக்சிஜன் குழாயைப் பழையபடி கழுத்தருகே வைத்தாள். அறிக்கையில் நேரத்தையும் ஆக்சிஜன் அளவையும் எழுதினாள். மனசில் இருந்தது வெட்கமா நிம்மதியா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. அவள் ஒரு சுவரிடம் பேசிக்கொண்டிருக்கவில்லை. இத்தனை நாளும் அந்தக் கட்டிலில் ஒருத்தி அவளுக்காகவும் சேர்த்துக் கவலைப்பட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள்.

மாலையில் அன்புமணி வண்டியில் கூட்டிப்போக வந்தான். வழியெல்லாம் மகளின் பள்ளிக்கூட ஆண்டு விழாவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டினாள். வீட்டுக்கு வந்ததும் அவன் வழக்கம்போலப் பின்கட்டுக் குழாயடிக்குப் போய், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, லேத்து எண்ணெய்க் கறையை விரல் விரலாகத் தேய்க்க ஆரம்பித்தான். மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மகள் உள்ளே பாட்டுக்கு ஆடிப் பார்த்துக்கொண்டிருக்கும் சலங்கைச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

மதிவதனி கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் கதவருகே நின்றாள். "ஏனுங்க" என்றாள். மோட்டார் சத்தத்தில் அது அவனை எட்டவில்லை. திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. சுவரில் இருந்த ஸ்விட்சை எட்டி அணைத்தாள்.

சத்தம் இறங்கி நின்றது. அன்புமணி நிமிர்ந்து, தொட்டி நிரம்பிவிட்டதோ என்று மேலே பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். என்னவோ புரிந்தவன்போலக் குழாயையும் மூடினான். சோப்பு நுரை அவன் முழங்கையிலிருந்து சிமெண்டுத் தரையில் சொட்டிக்கொண்டிருக்க, இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, அவள் பேசுவதற்காக நின்றான்.