துரை உட்கார்ந்த நாற்காலி

எங்கள் தீவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கோட்டைக்குப் போவார்கள். அங்கே பீரங்கியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, கலங்கரை விளக்கத்தில் மூச்சு வாங்க ஏறி இறங்கி, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரமாகப் பார்த்து, அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை வாழ்ந்த மாளிகைக்கு வந்து சேர்வார்கள். வாசலில் நுழைவுச் சீட்டு கொடுப்பது நான். உள்ளே பெரிய கூடத்தில் காவல் நிற்பது என் வீட்டுக்காரர். நிற்பது என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். மனுஷனுக்கு இடது முட்டி போய் வருஷக்கணக்காகிறது, சன்னலோரம் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்துதான் காவல். தச்சு வேலை செய்யும் என் அண்ணன் இவருக்காகவே செய்து கொடுத்தது அது. ஊன்றி எழுந்திருக்க வாகாக இடது கைப்பிடியை மட்டும் கொஞ்சம் தாழ்த்தி வைத்திருந்தார்.

மாளிகைக்கு வெள்ளையடித்தபோது வந்தது வினை. சாமான்களையெல்லாம் அள்ளி வெளியே போட்டு, மறுபடி உள்ளே வைத்தார்கள். இவர் முட்டி வைத்தியத்துக்காக விடுப்பில் இருந்தார். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த மேலாளர் அம்மா, துரையின் மேசைக்கு நாற்காலியைக் காணோமே என்று தேடியிருக்கிறார். கண்ணில் பட்டது இவருடைய நாற்காலி. மேசையோடு சேர்த்துப் போட்டு, சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டி, ‘துரை அமர்ந்த நாற்காலி. யாரும் உட்காரக் கூடாது’ என்று பலகையும் வைத்துவிட்டார்.

திரும்பி வந்தவர் கயிற்றுக்கு வெளியே நின்று திருதிருவென்று விழித்தார். “போய்ச் சொல்லுங்க” என்று விரட்டினேன். போன வேகத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினார்.

“சொன்னீங்களா?”

“எங்க சொல்ல விட்டாங்க? இந்த மாளிகையிலேயே பெரிய பொக்கிஷம் இதுதானாம். உங்கள நம்பித்தான் விட்டிருக்கேன்னாங்க.”

“அதுக்கு?”

“நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன்.”

தலையில் அடித்துக்கொண்டேன். தன் நாற்காலியில் தானும் உட்காராமல் மற்றவரையும் உட்கார விடாமல் காவல் காக்கிற மனுஷனை எங்கேயாவது கண்டதுண்டா? வேறு ஒரு நாற்காலி கேளுங்கள் என்று மறுநாள் துரத்தினேன். காவலர் உட்கார்ந்திருந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும் என்று மேலாளர் கேட்டாராம். இவரும் நன்றாக இருக்காது என்று ஒத்துக்கொண்டு வந்துவிட்டார்!

வீட்டுக்கு வந்தால் முட்டி பன் மாதிரி வீங்கியிருக்கும். இப்படியே நின்றால் வேலையை விட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கூடத்தை விட்டால் இவர் என்ன ஆவார்? சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் வழிகாட்டியோ, துரை இடது கையால் வாள் உருவுவார், அதனால்தான் அந்தக் கைப்பிடி தாழ்வு என்று அளந்துகொண்டிருந்தான். அதைக் கேட்டு என் அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் நல்ல கூட்டம். சீட்டு கொடுத்துக்கொண்டே எட்டிப் பார்த்தால், இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். அவ்வளவுதான், கவுண்டரைச் சாத்திவிட்டு உள்ளே போனேன். மேலாளரும் அங்கேதான் இருந்தார்.

“மேடம், இது துரை நாற்காலியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எங்க அண்ணன் செஞ்சது. இவரோட நாற்காலி!”

“என்னம்மா பேசறீங்க? எவ்வளவு பழசுன்னு பாத்தாலே தெரியலையா?”

“பழசாத்தான் தெரியும். இவரு தேய்ச்ச தேய்ப்பு அப்படி!” கயிற்றைக் கழற்றினேன். “உக்காருங்க.”

“ஏய், வேணாம்டி. எல்லாரும் பாக்கறாங்க.”

“உக்காருங்கன்னா உக்காருங்க!”

உட்கார்ந்தார். இடது கை தானாகப் போய்த் தாழ்ந்த பிடியில் படிந்தது. “அப்பாடா” என்று அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சு விட்டார் பாருங்கள், எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குமேல் மேலாளருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

கூட்டம் படபடவென்று கைதட்டியது. “அந்தப் பொண்டாட்டியா நடிச்சவங்க பிரமாதம்!” என்றார் ஒருவர்.

மேலாளர் லேசுப்பட்டவர் இல்லை. கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டு, “எங்க புது நாடகம், ரொம்ப நன்றி” என்று சொல்லிவிட்டார். எல்லாரும் போனபிறகு அலமாரியிலிருந்து பழைய கோட்டு ஒன்றை எடுத்து வந்து இவரிடம் நீட்டினார்.

“பலகையை எடுத்துடறேன். நாளையிலேர்ந்து நீங்கதான் துரை வேஷம். மூடற வரைக்கும் இந்த நாற்காலியிலதான் இருக்கணும். முடியுமா?”

“உக்காந்துக்கிட்டா மேடம்?”

“எழுந்திருக்கவே கூடாது.”

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

வீக்கம் மெல்ல வடிந்தது. ஆனால் இவருக்குத்தான் பொய் வாயில் வராதே! ஒருநாள் வெளியூர்க்காரர் ஒருவர் குனிந்து, “துரை சௌக்கியமா?” என்று கேட்டிருக்கிறார்.

“நான் துரை இல்லீங்க. இங்க காவக்காரன். இது என் மச்சான் எனக்குச் செஞ்சு குடுத்த நாற்காலி.”

கூடமே விழுந்து விழுந்து சிரித்ததாம். என்னமாய் நடிக்கிறார் என்று முதுகில் வேறு தட்டிவிட்டுப் போனார்களாம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

“உண்மையத்தான சொன்னேன். ஒருத்தர்கூட நம்பலையே?”

“உக்காந்துக்கிட்டுதான சொன்னீங்க? அது போதும். நடங்க.”