இரண்டாவது முட்டை

விளையாட்டு விடுதியின் சமையல்காரி, கால்பந்து ஆடிவிட்டு வந்த பெண் பிள்ளைகளின் தட்டில் ஆளுக்கு இரண்டு முட்டை வைத்தாள். விடுதிப் பட்டியலில் பையன்களுக்கு இரண்டு, பெண்களுக்கு ஒன்று. அதை எழுதின மகராசன் பந்தைக் கண்ணால் பார்த்திருப்பானா என்பதே அவளுக்குச் சந்தேகம்.

வார்டன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "யாரைக் கேட்டு வெச்சே? பணம் என்ன மரத்துலயா காய்க்குது?"

"ஒரு டப்பா புரோட்டீன் பவுடரை நிறுத்தினேன் சார். அந்தக் காசுல முட்டையும் வந்துச்சு, வேர்க்கடலையும் வந்துச்சு."

"பொண்ணுங்களுக்கு ஒண்ணு போதும்மா!"

அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"அப்போ மைதானத்தையும் அவங்களுக்குப் பாதியா அளந்து குடுங்க சார். அன்னிக்கே முட்டையைக் குறைச்சிடுறேன்."